ஒரு சைஸ் பெரிய பம்பு

என் மைத்துனரின் உதிரிபாகக் கடையில், கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் இப்படிச் சொல்கிறது: "இவர் எரிபொருள் அமைப்புத் தேர்வில் பயிற்சி பெற்ற வல்லுநர். இன்ஜினின் தேவையை அளந்தறிந்து, அதற்கு மிகாமலும் குறையாமலும் பொருந்தும் பம்பைப் பரிந்துரைக்கத் தகுதி வாய்ந்தவர்." பம்பு கம்பெனி ஒன்று ஓட்டலில் கூட்டம் போட்டு, காலையில் பாடமும் மதியம் சாப்பாடும் கொடுத்து, கடைசியில் கொடுத்த தாள் அது. சாப்பாட்டைப் பற்றி அவர் இன்றும் விரிவாகப் பேசுவார்.

இதில் 'மிகாமலும்' என்ற சொல்தான் இடிக்கிறது. என் மனைவியின் அண்ணனான இந்த மனிதர் எதையும் மிகாமல் வாங்கியதில்லை. செருப்பு ஒரு சைஸ் பெரிது. அவர் நடந்தால் பின்னாலேயே இன்னொருவர் வருவதுபோல் சத்தம் கேட்கும். அவர் வீட்டுப் பீரோ, கதவைக் கழற்றி நிலையைச் செதுக்கிய பிறகுதான் உள்ளே போனது; இனி அதுவும் அந்த வீடும் பிரிய முடியாது. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "இருக்கட்டும்." இந்தச் சொல்லுக்கு எதிர்வாதம் கிடையாது. டெய்லர்கூட அவருக்கு அளவெடுப்பதை நிறுத்திவிட்டார். "இந்தச் சட்டைக்குள்ளதான் எங்கேயோ நான் இருக்கேன் மாப்பிள்ளை, தேடிப் பாருங்க" என்று என்னிடம் அவரே சொல்வார். தன்னைக் கிண்டல் செய்யும் வேலையைப் பிறருக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கும் தகுதி இல்லை. கல்லூரியில் இலக்கணம் நடத்துகிறவன் நான். என் மனைவி லோடர் வைத்துத் தொழில் செய்கிறாள். முன்னால் பெரிய வாளி உள்ள, கல்லை அள்ளி லாரியில் கொட்டுகிற வண்டி. அதில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பது எனக்குத் தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகு வெகுகாலம் கழித்துத்தான்.

அந்த லோடரின் இன்ஜின் போய்விட்டது. விபத்தில் நொறுங்கிய ஒரு லாரியின் இன்ஜினைத் தேடிப்பிடித்து, ஷெட்டில் வைத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்கு வேலை கொடுத்திருந்தது ஒரே ஒரு கல்குவாரி. அதன் மேலாளர் அன்று காலையில் போனில் சொன்னார்: "சாயங்காலம் உங்க வண்டி இங்க நிக்கணும்மா. இல்லன்னா அந்த இடத்துல வேற வண்டி நிக்கும்." மனைவி போனை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவளிடம் இருப்பது ஒரு வண்டி. இந்த இன்ஜினும் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை.

மிச்சமிருந்தது ஒரு பம்புதான். டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்பு லாரியில் இன்ஜினின் விலாவிலேயே இருந்தது. லோடரிலோ சரியாக அந்த இடத்தில் ஒரு இரும்புச் சட்டம் குறுக்கே வந்தது. ஆகவே அதைக் கழற்றி ஓட்டையை மூடிவிட்டு, கரண்டில் ஓடும் பம்பு ஒன்றை வேறு இடத்தில் பொருத்த வேண்டும். எந்தப் பம்பு? வல்லுநரிடம் விட்டார்கள்.

வல்லுநர் கொண்டுவந்ததை மேஜையில் வைத்தபோது மேஜை முனகியது.

"இதோட பிரஷர் தெரியுமா? வேணும்னா தீயே அணைக்கலாம்" என்றார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அண்ணே, இந்த இன்ஜினுக்கு இவ்வளவு வேணுமா?"

"இருக்கட்டும்யா. கம்மியா வந்தா இன்ஜின் ஏங்கிப்போகும். கூட வந்தா என்ன, தனக்கு வேணுங்கறத எடுத்துக்கும்."

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது, பலமாகத் தலையாட்டினேன். நான் தலையாட்டியதைப் பார்த்தாவது அவர்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

பம்பை மாட்டினார்கள். இன்ஜின் முதல் சாவியிலேயே உறுமியது. தகரக் கூரை அதிர்ந்தது. மனைவி வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அப்படி ஒரு தட்டு கிடைத்ததாக ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். ஆபரேட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மைத்துனர் சும்மா நிற்காமல், ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நின்றது.

"ஆயில் குறைஞ்சாத்தானே மச்சான் கவலை? கூடியில்ல இருக்கு!" என்றேன்.

மெக்கானிக் கீழே விழாத ஒரு ஸ்பேனரைக் குனிந்து தேடினார்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றாள் மனைவி.

"எந்தப் பக்கம்?"

"நீங்க பேசினா எங்களுக்குக் கேட்காத பக்கம்."

மைத்துனர் கம்பியை முகர்ந்து பார்த்தார். டீசல் வாடை. இன்ஜினுக்கு டீசலைப் பீய்ச்சித் தருகிற பெரிய பம்புக்குள் ஒரு ரப்பர் சீல் உண்டு. டீசலையும் ஆயிலையும் பிரித்து வைப்பது அதுதான். இவர் கொடுத்த பம்பு தள்ளிய தள்ளில் அந்தச் சீல் விட்டுக்கொடுத்துவிட்டது. டீசல் கலந்த ஆயில் தண்ணீர்போல் நீர்த்து, வழவழப்பை இழந்துவிடும். அப்படியே அனுப்பினால் வண்டி குவாரிவரை போகும், ஒன்றிரண்டு லாரிகூட நிரப்பும், பிறகு இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதற்குள் இவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியும் இருக்கலாம்.

"அண்ணா, கிளப்பலாமா?" என்றாள் தங்கை.

அவர் கம்பியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். "வண்டியைத் தொடாதீங்க. பம்பு தப்பு. நான் கொடுத்ததுதான் தப்பு."

"அப்ப சரியானதை எடுத்துட்டு வா."

"நம்ம கடையில ஏதும்மா? எல்லாம் என்னை மாதிரியே வாங்கி வச்சிருக்கேன்."

சரியான பம்பு எதிர்க்கடையில் இருந்தது. அந்தக் கடைக்காரருடன் இவருக்குப் பேச்சு இல்லை. இவர் தன் கடைக்கு வைத்த போர்டு ஒரு சைஸ் பெரிதாகி, தெருமுனையிலிருந்து பார்த்தால் அவர் போர்டைப் பாதி மறைத்துக்கொண்டிருந்தது. துணைக்கு நானும் போனேன். என்னை அங்கே நிற்கவிட யாருக்கும் மனமில்லை.

"வாங்க" என்றார் எதிர்க்கடைக்காரர், நாற்காலியிலிருந்து எழாமல். "வழி தவறிட்டீங்களா?"

"ஒரு பம்பு வேணும். பிரஷர் ரொம்பக் கம்மியா இருக்கணும். ஆனா டீசல் தாராளமா வரணும். எரியறது போக டாங்கிக்குத் திரும்பிப் போறதும் இருக்கில்ல."

"இவ்வளவு தெரிஞ்சுமா அந்தக் குண்டனை மாட்டினீங்க?"

"தெரிஞ்சதுதான். தலையிலேருந்து கைக்கு வர லேட்டாயிடுச்சு."

"சான்றிதழ்லாம் வச்சிருக்கீங்களே!"

"அது சுவத்துல ஒரு விரிசல் இருக்கு, அதை மறைக்க."

அந்த மனிதர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. எழுந்துபோய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். மைத்துனர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?"

"இதேதான்."

"இதுலயே கொஞ்சம்…" என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பல வருடப் பழக்கம் தொண்டைவரை வந்து திரும்பிப் போவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "வேணாம். இதையே கொடுங்க."

"சீலும் மாத்தணுமே. யார் மாத்தித் தருவா?"

"நீங்கதான். இந்தத் தெருவுல உங்களை விட்டா யார் இருக்கா?"

"இதை அந்தப் போர்டுல எழுதி வைங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

அன்று மதியம் என் மைத்துனர் தான் கொடுத்த பம்பைத் தன் கையாலேயே கழற்றினார். கெட்டுப்போன ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றினார். சீல் மாற்றி முடிந்ததும் சின்ன பம்பை மாட்டினார். இன்ஜினை நெடுநேரம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் கோட்டைத் தாண்டவில்லை என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே விட்டார். வெளிச்சம் இருக்கும்போதே லோடர் குவாரிக்குப் போய்ச் சேர்ந்தது.