கன்ட்ரோல் எஸ் அடித்தால் சிவக்கும்

போன வாரம் எங்கள் காலேஜ் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பேய் பிடித்தது. பிடிக்க வைத்தவள் நான்தான். காரணம்? பொறாமை. வேறென்ன... இதற்கெல்லாம் அழகான பெயர் வைக்க எனக்குத் தெரியாது.

நாகர்கோவிலில் இருக்கும் அந்த ஆபீசில் எக்செல் என்றால் நான். தலைப்பைப் பெரிதாக்கணுமா, கட்டத்துக்கு மஞ்சள் அடிக்கணுமா – என் நாற்காலியைத்தான் சுற்றி வருவார்கள். நானும் கொஞ்சம் காக்கவைத்துத்தான் செய்து கொடுப்பேன்.

அங்கேதான் செலின் வந்து சேர்ந்தாள். குளச்சல்காரி. என்னைவிட இளையவள். மவுசைத் தொடவே மாட்டாள்! கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் ஒருசேர அமுக்குவாள். எழுத்து தடிக்கும், நடுவில் வந்து நிற்கும், பின்னால் மஞ்சள் விழும்.

"செய்யுக வேலைய மேக்ரோவா ஒருதரம் ரெக்கார்ட் பண்ணி நமக்குப் பிடிச்ச கீயைக் குடுத்தாப் போதும்க்கா. சொல்லித் தரட்டா?"

"எனக்குத் தெரியும், ஏட்டி" என்றேன். தெரியாது.

அன்றிலிருந்து சூப்பிரண்டு சார் என்னைத் தாண்டி அவள் மேஜைக்குப் போக ஆரம்பித்தார். "செலின்கிட்ட குடுத்தா சட்டுனு ஆயிரும், என்ன?" என்று என்னிடமே கேட்டார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அவளிடம் போய்க் கேட்பேனா? மெனு மெனுவாகத் துழாவி நானே ஒரு மேக்ரோ செய்தேன். எழுத்து பெரிதாகும், சிவப்பாகும். சிவப்புக்கு எஸ் என்று, கன்ட்ரோல் எஸ்ஸையே கொடுத்துவிட்டேன்! அது சேவ் பண்ணுகிற கீ ஆயிற்றே என்கிறீர்களா? நான் சேவ் பண்ண அந்த ஃப்ளாப்பி படத்தைக் கிளிக் பண்ணுகிற ஆள். எனக்கு உறைக்கவில்லை.

சார் அப்படியில்லை. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரிகிறது இப்போதெல்லாம்? யு.பி.எஸ்.ஸும் செத்துக் கிடக்கிறது. அதனால் ஒரு வரி அடித்தால் உடனே ஒரு கன்ட்ரோல் எஸ். அவர் விரலுக்கு அது தானாக வரும்.

பரீட்சை ஹாலில் யார் எங்கே உட்காருவது என்பதை மாற்ற, என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பிரின்சிபால் வேறு காத்திருக்கிறார். அடிக்க அடிக்க வரிகள் சிவந்தன. "என்ன இது, வைரஸா?" என்று பதறி, இன்னும் வேகமாக கன்ட்ரோல் எஸ். இன்னும் சிவப்பு! நான் வாயைத் திறப்பதற்குள் கரண்ட் போயிற்று. எதுவும் சேவ் ஆகியிருக்கவில்லை, அத்தனை மாற்றமும் போச்சு.

கரண்ட் வந்ததும் சார் செலினைத்தான் கூப்பிட்டார். கன்ட்ரோல் எஸ் அடித்துப் பார்த்தாள். சிவந்தது. மேக்ரோ ஜன்னலைத் திறந்தாள். மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். இனி இந்த ஆபீசில் எக்செல் என்று என்னிடம் யார் வருவார்கள்?

"வைரஸ் ஒண்ணும் இல்ல சார். பழைய சிஸ்டமாக்கும், கோட்டி பிடிச்சிருக்கு. நானும் அக்காவும் சேந்து இப்பம் அடிச்சிருவோம்" என்றாள்.

சார் நகர்ந்ததும் என் பக்கம் குனிந்தாள். "எக்கா, உங்க மேக்ரோ கீயில ஷிஃப்டும் சேத்துக் குடுத்திருக்கேன். இனி சேவ் பண்ணுகதுக்குத் தொந்தரவு இருக்காது. மேக்ரோ நல்லாத்தான் செஞ்சிருக்கிய, கேட்டியளா?"

கெட்டிக்காரி என்பதையாவது எப்படியோ சகித்துக்கொள்ளலாம். நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே, பாவி!