வெறும் சால்னா

என் அக்காள் கணவரைப் பழிவாங்க இரண்டு வருடம் காத்திருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். எங்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் முட்டை ஓடுகூட விழுந்ததில்லை. அக்காள் மதுரைக்காரரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அங்கேயே கே.கே. நகரில் குடியேறினாள். அத்தானோ கறியில்லாத ஞாயிற்றுக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை என்றே ஒப்புக்கொள்ளாத ஆள்.

ஊர் ஊராகப் போய்த் தெருக்கடைகளில் தின்று பார்ப்பது எனக்கு ஒரு கிறுக்கு. கோயில் குளமெல்லாம் பிறகுதான். முதல் தடவை மதுரைக்குப் போனபோது அத்தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு மாசி வீதிகளைச் சுற்றிக் காட்டினார். விளக்கு வைத்து வெகுநேரமாகியும் நடைபாதை முழுக்க நைட்டியும் செருப்பும் பிளாஸ்டிக் குடமும் பரப்பிக் கூவிக்கொண்டிருந்தார்கள். சுக்குக் காரம் தொண்டையில் நிற்கப் பருத்திப்பால் குடித்தோம். சௌராஷ்டிரப் பெண்மணி ஒருவர் பச்சைப்பசேலென்று பொரித்து, மேலே மிளகாய்ப்பொடி தூவித் தந்த முள்ளுமுருங்கை வடையில் நாலு தின்றேன். அன்று எனக்கு எல்லாமே பிடித்திருந்தது, அத்தான் உட்பட.

கடைசியாக ஒரு புரோட்டாக் கடை. நான் கறி தின்பதில்லை என்று மாஸ்டரிடம் நானே சொன்னேன். "வெறும் சால்னாதாண்ணே, தைரியமாச் சாப்புடுங்க" என்று அவர் கரண்டி கரண்டியாக ஊற்றினார். கறித்துண்டு விழாத குழம்புக்கு அங்கே வெறும் சால்னா என்று பெயர். அது எதில் வெந்தது என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும்தான் தெரியுமே. எனக்குத் தெரியாது. மூன்று புரோட்டாவை அதில் ஊறவைத்துத் தின்றேன்.

"சால்னா எப்புடி மாப்ள?" என்றார் அத்தான்.

"அமிர்தம் அத்தான்."

"ஆட்டெலும்பு மாப்ள. காலையிலருந்து கொதிக்குது."

சாக்கடை ஓரத்தில் குனிந்து நான் வாந்தி எடுத்ததை அவர் செல்போனில் படம் பிடித்தார். பிடித்ததோடு விடாமல் குடும்பக் குழுவில் போட்டார். அதன்பிறகு எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாம்பார் வாளி என்னிடம் வரும்போது எவனாவது ஒருவன் "அவனுக்குச் சால்னா ஊத்துங்கப்பா" என்பான். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். மாஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் தன் ஊர் வழக்கத்தைச் சொன்னார். பக்கத்தில் எல்லாம் தெரிந்தே நின்றவர் அத்தான்.

போன கார்த்திகையில் மறுபடியும் போனேன். அத்தான் இளைத்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே கிளம்பும்போது, "மாப்ள, நான் இப்பக் கவிச்சிய விட்டுட்டேன்" என்றார். ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. என்னை வாந்தி எடுக்கவைத்த மனுஷன் இப்போது சைவம்! சாமியே கொண்டுவந்து கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வீதியில் இரண்டு தள்ளுவண்டிகள் ஒட்டி ஒட்டி நின்றன. ஒன்று காளான் கடை, சுத்த சைவம். மற்றது ஆட்டுக்கறிக் கடை. "நீங்க உக்காருங்க அத்தான், நான் வாங்கிட்டு வாரேன்" என்றேன். புரோட்டாவைக் காளான் கடையில் வாங்கினேன். என் தட்டுக்கு அங்கேயே குழம்பு. அவர் தட்டை மட்டும் பக்கத்து வண்டியில் நீட்டி, வெறும் சால்னா கேட்டேன். இரண்டு வண்டி மணமும் கலந்து வீசியதால் வாசனை காட்டிக்கொடுக்காது. குழுவில் என்ன எழுதிப் போடவேண்டும் என்பதுகூட மனப்பாடமாக இருந்தது.

அத்தான் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வெளிய தண்ணிகூட பயந்து பயந்துதான் குடிக்கேன் மாப்ள. நீ வாங்குனா கண்ண மூடிக்கிட்டுத் திங்கலாம். ஒன்னைய மாதிரி சுத்த சைவம் எங்க இருக்கான்?" என்றார். புரோட்டாவைப் பிய்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தினார். "ஒன்ட்டச் சொல்றதுக்கென்ன. ஒங்கக்காவுக்கு ரெண்டு மாசம். மூணு முடியிறவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுருக்கா. பிள்ள கைக்கு வார வரைக்கும் கவிச்சி தொடமாட்டேன்னு அழகருக்கு வேண்டிருக்கேன்."

இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போனது எனக்குத் தெரியும். இரண்டாவது முறை அக்காள் நாற்பது நாள் யாருடனும் பேசவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை பாதிதான். ஆனால் பாதி இருக்கிறதே.

பிய்த்த துண்டைச் சால்னாவில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். நான் எழுந்த வேகத்தில் அவர் கையையும் தட்டையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். சால்னா முழுக்க என் வெள்ளைச் சட்டையிலும் கால்சட்டையிலும் கொட்டியது. சுட்டது. கால் இடறிவிட்டது என்று உளறினேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆட்டெலும்பு நாற்றம் என்மேல் வீச, இரண்டு வருடம் வளர்த்த பழியைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றிவிட்டேனே என்று எனக்கு வயிறெரிந்தது. அதையும் அவரிடம் சொல்ல முடியாது.

அவர் அங்கேயே அக்காளுக்குப் போன் போட்டார். "ஒந்தம்பி சால்னாவுல குளிச்சுட்டான்டி" என்று ஆரம்பித்து நடித்தே காட்டினார். பிறகு போனை என் காதில் வைத்தார். அக்காள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முடியலைடா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கு."

"சிரிக்காத" என்று கத்தினேன். "போனை வச்சிட்டுப் போய்ப் படு அக்கா."

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. "சொல்லிட்டாராடா?" என்றாள்.