வைர விழா மலரின் மூன்றாம் பக்கம்

மெர்சிக்கு நாற்பத்தெட்டு வயது. பெருந்துறையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் ஊரிலிருந்த சிறிய மாதா கோயிலுக்கு அறுபது ஆண்டு நிறைந்தபோது, விழா மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பைப் பங்குச் சாமியார் அவளிடம் கொடுத்தார். அவளுடைய அப்பா சவரியப்பன்தான் அங்கே முதல் உபதேசியார். மாதம் ஒருமுறை மட்டும் சாமியார் வந்துபோன காலத்தில் ஊராருக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர். தன் காலத்தில் கோயில் ஒருநாளும் பூட்டிக் கிடந்ததில்லை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெர்சி வீடு வீடாகப் போய் விசாரித்தாள். கோயிலுக்கு எதிர்வீட்டில் இருந்தவர் பாவாத்தாள். மாரியம்மனைக் கும்பிடுபவர். காட்டு வேலை செய்தே காலம் கழித்தவர்.

“பஞ்சத்துல உங்காளுக ஏழு ஊடும் மதுக்கரை சிமெண்ட் வேலைக்குப் போயிட்டாங்க கண்ணு. உங்கப்பனும்தான். சாவிய எங்கையில குடுத்துப்போட்டுப் போனாரு. ஆடு பூந்துருமேன்னு தெனமும் கூட்டுவேன். பொழுதோட ஒரு வெளக்கு வெப்பேன்.”

மெர்சி பிறந்தது மதுக்கரையில். அம்மா பிரசவத்துக்குப் போன ஊர் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். அங்கே போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தாள். ஊரின் ஏழு கிறிஸ்தவக் குடும்பங்களும் நான்கு ஆண்டுப் பதிவுகளில் இருந்தன.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாவாத்தாள் சொன்னதை எழுதினாள்.

“இது அவசியமாங்கம்மா?” என்றார் சாமியார்.

“நடந்ததுங்க சாமி.”

அவர் ஒரு பக்கத்தை ஆறு வரியாகச் சுருக்கி அச்சுக்கு அனுப்பினார். அதைக் கேள்விப்பட்ட அண்ணன் போனில் கத்தினான். “அப்பன் பேரைக் கெடுக்கவா உன்னைய எழுதச் சொன்னாங்க?” திருவிழாவுக்கு அவன் வரவில்லை.

விழா முடிந்த மறுநாள் மெர்சி மூன்றாம் பக்கத்தைப் பாவாத்தாளுக்கு வாசித்துக் காட்டினாள். கிழவி பாதியில் நிறுத்தினார்.

“நாலு வருசமில்ல அம்மணி, அஞ்சு. உங்கப்பன் திரும்பி வந்தன்னிக்கு உள்ள போகாம வாசப்படியிலயே உக்காந்து அழுதாரு. ‘எந்த மூஞ்சிய வெச்சுட்டு உள்ள போவேன்’னாரு. நாந்தான் எந்திரிச்சுப் போங்கன்னேன். அத எழுதுலியா?”

“நீங்க சொல்லவே இல்லீங்களே!”

“நீ கேக்கலியே.”

வீட்டுக்கு வந்ததும் மெர்சி அண்ணனை அழைத்து, வாசற்படியில் நடந்ததை மட்டும் சொன்னாள். இந்த முறை அவன் கத்தவில்லை. “அந்த எதிர்வீட்டம்மா இன்னும் நல்லாத்தான் இருக்காங்களா?” என்று கேட்டான்.