கொதிக்க வைத்த தண்ணீர்

உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். சொல்லாமல் விட்டால் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை நானே மறைத்தவளாகி விடுவேன்.

கற்பிட்டிப் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. வாப்பா மிளகாயும் வெங்காயமும் பயிரிடுகிறார். எனக்கு மூத்தவளான ராத்தாவும் அவள் கணவர் மச்சானும் எங்களோடுதான் இருக்கிறார்கள். ராத்தாவின் மூத்த மகன் நாற்பது நாள் முடிவதற்குள் மௌத்தாகிப் போனான். உதடு நீலமாகியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. இருதயத்தில் கோளாறு இருந்திருக்கும் என்று ஊரில் கதைத்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி அடக்கம் செய்தோம்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் புவி, சுற்றாடல் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்தேன். மிகச் சின்னத் துறை. எங்கள் வருடத்தில் ஏழு பேர், எல்லோருக்கும் ஒரே ஆய்வுகூடம். அடுத்த தவணையில், ஆளுக்கொரு போத்தலில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார் எங்கள் மிஸ். மற்ற ஆறு கிணறுகளையும்விட எங்கள் கிணற்றில்தான் நைட்ரேட் அதிகம். தோட்டத்துக்குப் போடும் உரம் மணலில் இறங்கிக் கிணற்றில் சேருவதால் வருவது அது.

"போத்தலைச் சரியாகக் கழுவினீங்களா? இன்னொரு தரம் எடுத்து வாங்க," என்றார் மிஸ்.

நான் எடுக்கவில்லை. போத்தல் அழுக்கு என்று சொல்லி, எங்கள் கிணற்றை விட்டுவிட்டு அறிக்கை எழுதினேன். வாப்பாவின் தோட்டத்தைப் பற்றி நாலு பேர் கதைப்பதை நான் விரும்பவில்லை. கூடப் படித்தவர்கள் முன்னால் மானம் போகும் என்றும் பயந்தேன். அந்த எண் என் குறிப்புக் கொப்பியில் அப்படியே கிடந்தது.

பிறகு ராத்தாவுக்கு மகள் பிறந்தாள். இந்த முறையும் தாய்ப்பால் போதவில்லை. ராத்தா பயந்து பயந்து போத்தல் பால் கரைத்தாள். "தண்ணிய நல்லா கொதிக்க வை ராத்தா, ரெண்டு தரம் கொதிக்க வை," என்று சொன்னவள் நான்தான். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். இதைப் பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவள் நான்.

ரமழான் முடிந்த மறுவாரம் பிள்ளையின் உதடு நீலமானது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். நிறம் மாறவில்லை. ராத்தா அழக்கூட இல்லை. சுவரைப் பார்த்தபடி, "இதையும் எடுக்கப் போறானா," என்று மட்டும் கேட்டாள்.

பின்னேர அஸர் தொழுகை நேரம். வராந்தாவின் மூலையில் துப்பட்டியை விரித்துத் தொழுதேன். நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்து, "யா அல்லாஹ், இந்தப் பிள்ளையைத் தா, வேறொன்றும் கேட்க மாட்டேன்," என்று கதறினேன். அப்போது என் மனதில் வந்தது கொப்பியில் கிடந்த அந்த எண். மூத்தவனின் உதடும் கூடவே வந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு ஓடினேன். கிணற்றையும் கொதிக்க வைத்ததையும் டொக்டரிடம் சிங்களத்தில் திக்கித் திக்கிச் சொன்னேன். அவர் உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசிக்குள் வந்த இரத்தம் சொக்லேட் போலக் கபில நிறமாக இருந்தது; நைட்ரேட் பச்சைப் பிள்ளையின் இரத்தத்தை ஒட்சிசன் சுமக்க விடாமல் இப்படி ஆக்கிவிடும் என்றார். அதற்குரிய மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். பொழுதுபட்டு மஃரிப் வருமுன்னரே பிள்ளையின் உதடு சிவந்தது.

அந்த மருந்தைக் கொடுத்தவர் டொக்டர். எனக்கு அதை நினைவூட்டியவன் அல்லாஹ். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கையில் மறைத்ததையும் சொன்னேன்.

"அப்ப மகனுக்கும் இந்தத் தண்ணிதானா?"

"எனக்குத் தெரியாது ராத்தா. இனி யாராலயும் சொல்ல ஏலாதாம்."

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் மிஸ்ஸிடம் போய் உண்மையைச் சொன்னேன். அறிக்கையைத் திருத்தி எழுதினேன். வாப்பா குடிக்கத் தண்ணீரை வெளியிலிருந்து எடுக்கத் தொடங்கினார். மூத்தவனை நினைத்து ஒவ்வொரு தொழுகையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் துக்கம் என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

சகோதரிகளே, கேளுங்கள், அல்லாஹ் தருவான். ஆனால் கேட்கும்போது, நீங்கள் மறைத்து வைத்திருப்பதை அவன் முன்னால் எடுத்து வைத்துவிட்டுக் கேளுங்கள். நான் அதைப் பிந்திச் செய்தவள்.

போன மாதம் ராத்தா என் அறைக்கு வந்தாள். இடுப்பில் மகள், கையில் ஒரு போத்தல் தண்ணீர்.

"பக்கத்து வீட்டு மருமகளுக்கு இது ஏழாம் மாசம்," என்றாள். "அவங்கட கிணத்தயும் ஒருக்காப் பாரு."