பத்து நாள் லீவும் ஒரு சென்டர் டிஃபரன்ஷியலும்

போன மாதம் ஜெசி பத்து நாள் லீவில் வந்தாள். என் மனைவி, மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமான நாலாம் மாதமே போனவள். அவள் அனுப்பிய பணத்தையும் என் சேமிப்பையும் சேர்த்து, நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். அதை அவள் வீடியோ காலில் மட்டுமே பார்த்திருந்தாள். வந்ததும் அதில் பொன்முடி மலைக்குப் போவது என்று ஒரு வருஷமாகப் போனிலேயே திட்டம் போட்டோம். யாருக்கு எந்த சீட் என்பது வரை முடிவாகியிருந்தது. போவதே இரண்டு பேர்தான், அது வேறு விஷயம்.

வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை நடுவிலிருந்து சமாளிக்கும் பல்சக்கரப் பெட்டிதான் சென்டர் டிஃபரன்ஷியல். என் வண்டியில் அது இரண்டு மாதமாகக் கடகடத்துக்கொண்டிருந்தது. பழைய பார்ட் நம்பரைப் போட்டு உள் பல்சக்கர செட்டை வரவழைத்தும் வைத்திருந்தேன். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அவளை அழைத்துவர வண்டி இருக்காதே! தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை ஏர்போர்ட் பார்க்கிங்கில் திருப்பும்போது வண்டி உதறிய உதறலில், இதுக்கு என்ன குளிர் காய்ச்சலா என்று அவள் சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

சனிக்கிழமை காலை 5.40க்கு நாகர்கோவிலில் கிளம்பி, 66 கிலோமீட்டர் ஓட்டி, மாநில எல்லை தாண்டி 8.10க்குக் கரமனை. ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஹரிஹரன் அங்கேயே அக்ரஹாரத் தெருவில் குடியிருப்பவர். மதியத்துக்குள் பெட்டியை இறக்கிப் பிரித்துவிட்டார். உள்ளே வாஷர்கள் தேய்ந்து பொடியாகியிருந்தன.

"டயர் ரெண்டெண்ணம் மட்டும் மாத்தினேள், அல்லே?" என்றார்.

மாற்றியிருந்தேன். பின்னால் இரண்டு புதிது, முன்னால் இரண்டு பழையது. ஊரில் எல்லாரும் காருக்கு அப்படித்தானே செய்கிறோம்? இந்த வகை வண்டிக்கு அது ஆகாதாம். டயர் உயரம் வேறானால், நேர் ரோட்டில் போகும்போதும் அந்தப் பெட்டிக்கு வளைவில் போகிற வேலைதான், ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது.

அடுத்த அடி நான் கொண்டுபோன செட்டில் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் பழைய நம்பர் பார்ட்டை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகத் தடித்த வாஷரும் பருத்த ஷாஃப்டுமாகத் திருத்திய செட்டைத்தான் இப்போது தருகிறார்கள்; எனக்கு வந்ததும் அதுதான். அது பல்சக்கரங்களை மூடியிருக்கும் பழைய கூட்டில் உட்காராது, கூடும் புதிதாக வேண்டும். பழைய கூட்டையே உள்ளே அரைத்து ஏற்ற முடியாதா என்று கேட்டேன்.

"ஏத்தலாம் சாரே. பின்னே, கொண்டை ஊசி வளைவில வண்டிக்குள்ள நீங்க மட்டுமா இருப்பேள்?"

கூட்டுக்கும் ஆர்டர் போடச் சொன்னேன். கூடு கொச்சியிலிருந்து திங்கட்கிழமை வரும் என்றார்கள், வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஜெசி சொன்னாள்: "இஞ்ச பாருங்க, பொன்முடிக்கு பஸ்ஸு உண்டுல்லா. நாளைக்கு அதுல போயிட்டு வருவோம்."

மடையன் நான். நம்ம வண்டி இருக்கும்போது பஸ் எதற்கு என்று ஒரே பிடியாக நின்றேன். சரி என்று மாங்காய் ஊறுகாய் போட உட்கார்ந்துவிட்டாள். புதனும் வியாழனும் அவளைக் கூட்டிக்கொண்டு கரமனைக்குப் போனேன், அதுவும் பஸ்ஸில்! பிரித்துப் போட்ட பல்சக்கரங்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது அவள் லீவில் இரண்டு நாள்.

கூடு வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வண்டி கைக்கு வந்தது. முன்பக்கம் இரண்டு டயரும் சேர்த்து 58,400 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் விமானம்.

ஏர்போர்ட் வளைவில் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. இப்ப நல்லா இருக்கு என்றாள். இறங்க அவளுக்கு மனசில்லை, இறக்கிவிட எனக்கும் மனசில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

எனக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்கு விட்டேன். ஏறக்குறைய 45 கிலோமீட்டர், எட்டே காலுக்கு மலையடிவாரத்தில் கல்லாறு. டீக்கடைக்காரர் மேலே மூடுமஞ்சு விலகி மலை தெரிகிறது, இப்போதே ஏறுங்கள் என்றார். இனி கொண்டை ஊசி வளைவுகள்தான். இதற்காகத்தானே இத்தனையும். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அவள் வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இதுபோன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கு: நாலு டயரையும் ஒன்றாக மாற்றுங்கள். பார்ட் வாங்கும் முன் புது நம்பரைக் கேளுங்கள், செட்டோடு கூடும் வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டுக்கு ஆள் லீவில் வந்திருந்தால், அவர்களை அனுப்பிய பிறகு வண்டியைப் பிரிக்கக் கொடுங்கள்.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். மேலே போனீர்களா, வளைவில் உதறியதா என்று கேட்டாள். கல்லாறோடு திரும்பிவிட்டேன், நீ இல்லாமல் ஏற மனசு வரவில்லை என்றேன்.

"போயிருக்கப்பிடாதா? நீங்க சொல்லி எனக்குக் கேக்கவாவது இருந்திருக்கும்."