நெருப்பில் எரியாத கரித்துணி

ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன் கடற்படைக்கு எப்படிப் போனான் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள். சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, உடம்பும் அப்போது கட்டாக இருந்தது, அவ்வளவுதான். போர்க்கப்பலில் இன்ஜின் அறை ஆளாக இருந்து பென்சனோடு ஊர் திரும்பினேன். இப்போது மிச்சம் சிங்களம் மட்டும்தான். பீலியில் விழும் தண்ணீரில் குளித்துவிட்டு லயத்துக்கு ஏறி வருவதற்குள் மூச்சு வாங்குகிறது.

காரணம் அஸ்பெஸ்டஸ் என்று டாக்டர் சொன்னபோது நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அஸ்பெஸ்டஸ் அதுதான். அவர் சொன்னதோ, பழைய கப்பல்களில் சூடான குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளைப் பொருளை. குழாய் பழுதானால் அதைப் பிய்த்து எறிவது எங்கள் வேலை. கீழ்த்தளம் மாவு மில் மாதிரி ஆகிவிடும். ஒருவர் தலையை ஒருவர் பார்த்து, கிழவா, கிழவா என்று கேலி செய்து சிரிப்போம். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சேவையில் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டார்களானால் வைத்தியம் செலவில்லாமல் நடக்கும், பென்சனும் கொஞ்சம் கூடும். அதற்கான விசாரணைக்குத்தான் போன மாதம் மனைவியையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அங்கிருந்த கடற்படை டாக்டர் நல்ல மனிதர். கப்பலிலிருந்து துணிமணி ஏதாவது வீட்டுக்குக் கொண்டுபோனதுண்டா என்று சிங்களத்தில் கேட்டார். அவர் முடிப்பதற்குள் நான் இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த மனைவி தரையைப் பார்த்தாள். அவளுக்கும் என்னளவு சிங்களம் தெரியும்.

கொண்டுவந்திருந்தேன். ஒரு லீவில், குழாய்களில் சுற்றும் அஸ்பெஸ்டஸ் துணியில் ஒரு மடிப்பைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். கப்பல் ஸ்டோர்ஸ் சாமான், எடுத்தால் திருட்டு. ஆனால் நெருப்பில் போட்டாலும் எரியாத துணியை வீட்டில் காட்டாமல் இருக்க முடியுமா? லயத்துச் சனம் அத்தனையும் பார்க்க, அதை அடுப்பில் நீட்டிப் பிடித்து வித்தைக்காரன் மாதிரி நின்றேன். மனைவி அதைக் கத்தரித்துக் கரித்துணியாக்கிக்கொண்டாள். சோற்றுப் பானை இறக்க அதுதான், ரொட்டிக்கல்லைத் தூக்க அதுதான். கரி ஏறினால் பீலிக்குக் கொண்டுபோய், என் வேலை உடுப்போடு சேர்த்துக் கல்லில் அடித்துத் துவைப்பாள். நூல் நூலாகப் போகும்வரை அது எங்கள் குசினியில்தான் கிடந்தது.

உண்மையைச் சொன்னால் திருடன் என்று எழுதி, கிடைக்கப்போவதை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். வயதான காலத்தில் இவளுக்கு முன்னால் கள்ளன் என்று பெயர் வாங்குவதா என்ற வீம்பும் இருந்தது.

ஊர் திரும்பும் பஸ் அவிசாவளையைத் தாண்டியது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, அந்தத் துணியப் பத்தித்தானே அவரு கேட்டாரு?”

நான் தூங்குகிறவன் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் இருமினாள். எங்கள் வீட்டில் அவளுடைய இருமல் கடிகாரச் சத்தம் மாதிரி, கேட்டுக் கேட்டு என் காதில் விழாமலே போயிருந்தது. அன்றைக்கு விழுந்தது. கண்ணைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. என் மருந்துக்காக அவளுடைய நெஞ்சை நான் மறைத்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த வாரமே அவளோடு திரும்பிப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உங்கள் மருந்து நிற்காது என்று மட்டும் சொன்னார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். உடனே எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, இந்தச் சலுகையெல்லாம் கப்பலில் வேலை செய்தவருக்கு மட்டும்தான், அம்மா ஊர்ப்பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். இருமல் எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

இவருக்கு வந்த பிறகுதான் என்றாள், நிதானமாக.

பொய். நான் கப்பலில் இருந்த காலத்திலேயே அவளுக்கு இருமல் இருந்தது. ஒவ்வொரு லீவிலும் கேட்டிருக்கிறேன். அடுப்புப் புகை, ஜன்னலைத் திறந்து வை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவேன். இப்போது என் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் நோயின் வயதைக் குறைத்துச் சொல்கிறாள். எனக்கு முகம் எரிந்தது. இல்லை, எனக்கு ரொம்ப முந்தி என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வெளியே வந்தோம். செலவில்லாமல் கிடைத்த என் மருந்துப் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் நான் மூச்சு வாங்க நின்றபோது, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அத ஏங்க சொன்னீங்க? அடுப்புப் பொகைன்னு நீங்க சொன்னத நான் நம்பிக்கிட்டே இருந்துட்டுப் போயிருப்பேனே.”