வெள்ளிக்கிழமை வாரானாம்

சங்கரன்கோவில் தபாலாபீசில் தந்தி கொண்டுபோகும் நல்லகண்ணுவின் காக்கிப் பையில் தந்திகளோடு ஓர் இங்கிலீஷ் இலக்கணப் புத்தகமும் எப்போதும் இருக்கும். அட்டை போய், சாக்குத்துணி ஒட்டிய புத்தகம். கொஞ்சம் ஓய்ந்தால் போதும், ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வினைச்சொல்லுக்கு இறந்தகாலம் எழுதுவான், நிகழ்காலம் எழுதுவான். எதிர்காலம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவான். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

"ஏலே, இன்னும் பாஸாகலியா?" என்று மணியார்டர் குமாஸ்தா சிவசுப்பிரமணியன் சீண்டுவார். பரீட்சையாவது மண்ணாவது! அவன் எதற்காகப் படிக்கிறான் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள், அதில் ஒரு குஷி.

அது தொடங்கியது நாற்பத்து நாலாம் வருஷம், யுத்த காலம். மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்திய நல்லகண்ணு அப்போதுதான் இந்தப் புத்தகத்தை வாங்கி நாலு பாடம் முடித்திருந்தான். நாலே நாலு பாடம். அதற்கே ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்தால் எழுவாய், பயனிலை என்று அளந்து தள்ளுவான். கேட்கிறவனும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான்.

அந்தச் சமயத்தில்தான் மகபூப் பீவிக்குத் தந்தி வந்தது. அவளுடைய மூத்த மகன் யாகூப் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன், அஸ்ஸாம் பக்கம் இருந்தான். சாவுத் தந்தியென்றால் போஸ்ட் மாஸ்டர் காதோடு ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார். அன்றைக்கு அவர் லீவு. அவருக்குப் பதிலாக வந்த ஆசாமி உறையை ஒட்டி நீட்டியதோடு சரி. தந்தியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் நல்லகண்ணுவின் வேலை முடிந்தது. வாசித்துச் சொல்ல அடுத்த தெருவில் கைலாசம் வாத்தியார் இருந்தார்.

"வாத்தியார் எதுக்கு? நம்ம நல்லகண்ணு படிச்சவம்லா" என்றான் கூடியிருந்தவர்களில் ஒருவன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. பாவி, சொல்லவில்லையே! தாளில் அவனுக்குப் பிடிபட்டவை இரண்டுதான்: யாகூபின் பேர், வெள்ளிக்கிழமை. பத்துப் பேர் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சொகமா இருக்கானாம். வெள்ளிக்கெழம வாரானாம்."

மகபூப் பீவி ரேஷனில் வாங்கி ஒளித்துவைத்திருந்த சீனியை எடுத்துவந்து அவன் வாயில் போட்டாள்.

வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கடையநல்லூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பூமாலையோடு எல்லாரும் ரயிலடிக்குப் போனார்கள். நல்லகண்ணுவும் போனான், முதல் ஆளாக. ரயில் வந்தது, நின்றது, போய்விட்டது. யாரையோ வழியனுப்ப வந்திருந்த கைலாசம் வாத்தியார் அந்தத் தந்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சொன்னார். தந்தியில் இருந்தது போன வெள்ளிக்கிழமை. யாகூப் ஆஸ்பத்திரியில் இறந்துபோன நாள்.

மகபூப் பீவி சத்தம்போட்டு அழவில்லை. நல்லகண்ணுவைப் பார்த்தாள்.

"மூணு நாளா எம் புள்ளைக்கு ஒரு பாத்திஹா ஓதாம, வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டு இருந்தேனலே" என்றாள்.

அதற்குப் பிறகு அவனோடு அவள் பேசவே இல்லை. அவன்தான் அன்றிலிருந்து வெறிபிடித்தவன் மாதிரி படித்தான். மூன்று வருஷத்தில் இங்கிலீஷ் பேப்பரைக் கடகடவென்று வாசித்தான். வாசித்து என்ன? கோடிட்ட இடத்தை நிரப்பு என்று பயிற்சி வந்தால் அந்த இடத்தில் யாகூப் வந்து உட்கார்ந்துகொள்வான். சைக்கிளில் அந்தத் தெருவைக் கடக்கும்போது 'வாரானாம், வாரானாம்' என்று அவன் குரலே அவன் காதில் கேட்கும். யாருக்கும் தந்தி வாசித்துச் சொல்வதை அவன் அடியோடு விட்டுவிட்டான்.

ஐம்பத்து மூன்றில் மகபூப் பீவிக்கு இன்னொரு தந்தி வந்தது. கொழும்பிலிருந்து இளைய மகன் ஹபீப் முகம்மது கொடுத்தது. நல்லகண்ணு அதை ஆபீசிலேயே பத்துத் தடவை வாசித்தான். சிவசுப்பிரமணியனிடமும் காட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகுதான் சைக்கிளை எடுத்தான்.

கைலாசம் வாத்தியார் புளியங்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மகபூப் பீவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷம் கழித்து அவனிடம் வாய் திறந்தாள்.

"வாசிலே."

இங்கிலீஷில் ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். ஒரு பிசகு இல்லை. தமிழில் சொல்ல வந்தபோது இன்னொரு தடவை தாளைப் பார்த்தான். வேறு விதமாகச் சொல்லலாமென்றால் அந்தத் தாளில் வேறு சேதியே இல்லையே!

"சொகமா இருக்கானாம். வெள்ளிக்கெழம வாரானாம்."

அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். "யா அல்லா! இவனும் போயிட்டானா!"

"சத்தியமா வாரான், உம்மா! இப்ப எனக்கு முழுசும் தெரியும். நான் படிச்சிட்டேன்" என்று அவன் கெஞ்சினான். ஓடிப்போய் சிவசுப்பிரமணியனைக் கூட்டிவந்தான். அவர் வாசித்துச் சொன்னதையும் அவள் கேட்கவில்லை. "நீங்க எல்லாம் ஒரே ஆபீசுக்காரங்க" என்றாள். இந்தத் தடவை பிள்ளையைக் காக்கவைக்கக் கூடாதென்று பள்ளிவாசல் லெப்பையை வரவழைத்து அன்றையிலிருந்தே தினமும் பாத்திஹா ஓதச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ரயிலடியில் நல்லகண்ணு மட்டும் நின்றான். ரயில் வந்தது. கடைசிப் பெட்டியிலிருந்து தகரப் பெட்டியோடு ஹபீப் முகம்மது இறங்கினான். அண்ணனின் அதே மூக்கு. நல்லகண்ணு அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"என்ன அண்ணாச்சி, உம்மா வரலியா?" என்று பையன் பயந்துபோய்க் கேட்டான்.

"உம்மா நல்லா இருக்கா, நீ வா" என்று பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தான். தெரு முனையிலேயே ஓதுகிற சத்தம் கேட்டது. நல்லகண்ணு நின்றுவிட்டான். பெட்டியை இறக்கி அவன் கையில் கொடுத்தான்.

"நீ மட்டும் போ தம்பி. நான் கூட வந்தா, நீ வந்திருக்கதையே உங்க உம்மா நம்ப மாட்டா."